எந்தப் பகா எண்ணை மட்டு எண்ணாக எடுப்பது? 10⁹+7, 998244353, 2⁶¹−1: ஓர் ஒப்பீடு

நிரலில் ஒரு விடையைப் பெரிய பகா எண்ணால் வகுத்த மீதியாக வைத்துக்கொள்ள வேண்டி வந்தால், பலரும் யோசிக்காமல் 1000000007 என்று எழுதிவிடுகிறார்கள். பகா எண்ணாக இருந்தால் போதும், எதுவானால் என்ன என்ற எண்ணம். கூட்டல், பெருக்கல், நேர்மாறு என்ற அளவோடு வேலை முடிந்தால் அது சரிதான். அதற்கு மேல் போனால், ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு பகா எண்களில் ஒன்று நொடிக்குள் முடிக்கும் வேலையை மற்றொன்றால் நேரடியாகச் செய்யவே முடியாது.

அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் தேர்வு எளிது. பகா எண்ணை ப என்று வைத்துக்கொள்வோம். பார்க்க வேண்டியவை இரண்டு: ப−1-ன் காரணிகள் என்னென்ன, ப-வின் இரும வடிவம் எப்படி இருக்கிறது. முதலாவது, எந்தெந்த நீளத்தில் சுழற்சிகள் கிடைக்கும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, மீதி எடுக்க வகுத்தல் தேவையா, பிட்டுகளை நகர்த்தினாலே போதுமா என்பதைச் சொல்கிறது. எண்ணின் அளவு இவற்றுக்குப் பிறகுதான்.

சுழற்சி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூச்சியமல்லாத ஓர் எண்ணை மீண்டும் மீண்டும் தன்னோடு பெருக்கி மீதி எடுத்துக்கொண்டே போனால் எப்போதாவது 1 வரும். அதுவரை எடுத்த படிகளின் எண்ணிக்கையே அந்த எண்ணின் வரிசை. எல்லா வரிசைகளும் ப−1-ஐ மீதியின்றி வகுக்கும். ப−1-ஐ வகுக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் அந்த வரிசையுள்ள உறுப்பும் கட்டாயம் உண்டு. வரிசை சரியாக ப−1 ஆகவே இருக்கும் எண்ணைப் பிரிமிட்டிவ் ரூட் என்கிறோம்.

10⁹+7

இதன் முதல் பலம் மனத்தில் நிற்பது. எழுதும்போது பிழை வராது, வந்தாலும் கண்ணில் படும். 30 பிட்டுக்குள் அடங்குகிறது. ஆகவே மீதிகள் இரண்டைக் கூட்டினால் அதிகபட்சம் 2000000012; குறியுள்ள 32 பிட் முழு எண்ணின் எல்லை 2147483647 என்பதால் கூட்டல் வழியாது. பெருக்கினால் ஏறத்தாழ 10¹⁸. குறியுள்ள 64 பிட்டில் அப்படிப்பட்ட ஒன்பது பெருக்கற்பலன்களைக் கூட்டிய பிறகு ஒரே ஒரு முறை மீதி எடுத்தால் போதும். குறியற்ற 64 பிட்டில் பதினெட்டு வரை போகலாம். அணிகளைப் பெருக்கும்போது இதைப் பயன்படுத்தினால் நேரம் கண்கூடாகக் குறையும். இந்தக் கணக்கு 998244353-க்கும் அப்படியே பொருந்தும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. 32 பிட் மாறிகள் இரண்டைப் பெருக்கி, அந்த விடையை 64 பிட் மாறியில் போடுவது முதலாவது. போடுவதற்கு முன்பே பெருக்கல் வழிந்துவிடுகிறது. கழித்த பிறகு ப-வைக் கூட்ட மறப்பது இரண்டாவது. சி++, ஜாவா இரண்டிலும் −3-ஐ வகுத்த மீதி −3 என்றே வரும். பைத்தானில் 1000000004 என்று சரியாக வரும். பைத்தானில் எழுதிச் சோதித்த நிரலைச் சி++-க்கு மாற்றும்போது இது பலரைச் சறுக்கவைக்கிறது.

இனி அமைப்பு. ப−1 = 1000000006 = 2 × 500000003. இதில் 500000003 தானும் பகா எண். ஆகவே இங்கே இருக்கக்கூடிய வரிசைகள் நான்கே நான்கு: 1, 2, 500000003, 1000000006. 1-ஐயும் −1-ஐயும் தவிர வேறு எந்த எண்ணுக்கும் சுழற்சி ஐம்பது கோடிக்குக் குறையாது. ஓர் எண் பிரிமிட்டிவ் ரூட்டா என்று பார்ப்பதும் மிக எளிது: அது −1 ஆக இருக்கக்கூடாது, அதற்கு வர்க்கமூலம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். 2, 3, 4 மூன்றுக்கும் வர்க்கமூலம் உண்டு, 5-க்கு இல்லை. எனவே மிகச் சிறிய பிரிமிட்டிவ் ரூட் 5.

ப-வை 4-ஆல் வகுத்தால் மீதி 3. இதனால் வர்க்கமூலம் காண்பது ஒரே ஓர் அடுக்கேற்றத்தில் முடிகிறது: எண்ணை 250000002 என்ற அடுக்குக்கு உயர்த்தி, விடையை வர்க்கப்படுத்திச் சரிபார்க்க வேண்டும். சரியாக வந்தால் அதுவே வர்க்கமூலம். வராவிட்டால் அந்த எண்ணுக்கு வர்க்கமூலமே இல்லை. 998244353-ல் இந்தக் குறுக்குவழி கிடையாது. அங்கே வர்க்கமூலம் காணும் டோனெல்லி–ஷாங்க்ஸ் முறை 23 நிலைகள் வரை இறங்கக்கூடும். அதற்குப் பதில் சிப்பொல்லாவின் முறையை எழுதிவிடுவது நல்லது.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ப−1-ல் 2 ஒரே ஒரு முறைதான் வருகிறது. வரிசை 4 உள்ள எண்கூட இங்கே இல்லை. வேகமான பல்லுறுப்புக்கோவைப் பெருக்கலுக்கு இதை நேரடியாகப் பயன்படுத்தும் கதவு இங்கேயே மூடிவிடுகிறது.

998244353

பார்த்தால் ஏதோ தற்செயலாக விழுந்த எண் போலத் தெரியும். ஆனால் இது 119 × 2²³ + 1. அதாவது ப−1 = 2²³ × 7 × 17. பிரிமிட்டிவ் ரூட் 3. இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு 2²³ ஒன்றே போதுமான காரணம்.

பல்லுறுப்புக்கோவைகளை வேகமாகப் பெருக்க உதவும் உருமாற்றம் எஃப்.எஃப்.டி. (வேக ஃபூரியே உருமாற்றம்). என்.டி.டி. என்பது அதன் முழு எண் வடிவம். நீளத்தை ஒவ்வொரு கட்டத்திலும் பாதியாக்கிக்கொண்டே போகும் முறை இது. நீளம் 2²⁰ என்றால், சரியாக 2²⁰ வரிசையுள்ள ஓர் எண் தேவை. அதை வர்க்கப்படுத்தினால் அடுத்த கட்டத்துக்கானது கிடைக்கும். 998244353-ல் 3-ஐ 119 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் வரும் 15311432-ன் வரிசை 2²³. அதை வர்க்கப்படுத்திக்கொண்டே வந்தால் கீழேயுள்ள எல்லாக் கட்டங்களுக்கும் வேண்டியவை வந்துவிடும். கலப்பெண்கள் இல்லை, தசமப் புள்ளி இல்லை, முழுமைப்படுத்தும் பிழை இல்லை. வருகிற விடை துல்லியமானது.

கவனம் வேண்டியது நீளத்தில். ஐந்து லட்சம் கெழுக்கள் கொண்ட இரண்டு கோவைகளைப் பெருக்கினால் 999999 கெழுக்கள் வரும்; 2²⁰ = 1048576 போதும். ஆறு லட்சமாக இருந்தால் 1199999. இப்போது 2²¹ தேவை. சிறியதை வைத்துவிட்டால் வால்பகுதிக் கெழுக்கள் சுற்றிவந்து தொடக்கக் கெழுக்களோடு கூடிவிடும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது; விடையின் தொடக்கம் கெட்டு, நடுப்பகுதி சரியாக இருக்கும். இந்த அடையாளத்தைக் கண்டால் நேராக நீளத்தைப் பாருங்கள். எல்லாக் கெழுக்களும் ஒரே மடங்கு பெருகி வந்தால், கடைசியில் நீளத்தின் நேர்மாறால் பெருக்க மறந்திருக்கிறீர்கள்.

2²³-க்கு மேல், அதாவது விடையில் 8388608 கெழுக்களுக்கு மேல் போனால் நிலைமை மோசம். 119 × 2²³-ஐ 2²⁴-ஆல் வகுத்தால் 59.5, முழு எண் வகுத்தல் அதை 59 ஆக்கி, நிரல் சத்தமில்லாமல் ஓடிக் குப்பையைத் தரும். நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு வரி நிரலில் கட்டாயம் வேண்டும். அந்த எல்லைக்கு மேல் தேவை என்றால் 5 × 2²⁵ + 1 = 167772161, 7 × 2²⁶ + 1 = 469762049 இரண்டும் கைகொடுக்கும். இரண்டுக்கும் பிரிமிட்டிவ் ரூட் 3. இன்னும் மேலே 15 × 2²⁷ + 1 = 2013265921 உண்டு, இதற்கு 31. ஆனால் அதன் இரு மடங்கு குறியுள்ள 32 பிட்டில் அடங்காது. பழைய நிரலில் மட்டு எண்ணை மட்டும் மாற்றி ஓட்டினால் கூட்டலிலேயே வழியும். குறியற்ற வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பேரெண்களைப் பெருக்கவும் 998244353 போதுமானதா என்று கேட்பவர்கள் உண்டு. இலக்கங்களை ஒவ்வொன்றாக வைத்தால் ஓர் இடத்தில் சேரும் கூட்டுத்தொகை 81 × நீளம். இது ப-வைவிடச் சிறியதாக இருக்கவேண்டும். 12324004 இடங்கள் வரை தாங்கும். அதற்கு முன்பே 2²³ என்ற நீள எல்லை வந்துவிடுவதால் தடை அதுவே. ஏறத்தாழ 41 லட்சம் இலக்கங்கள் கொண்ட இரண்டு எண்களைப் பெருக்கலாம். இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்தால் வேகம் கூடும். ஆனால் 9801 × நீளம் என்ற கணக்கில் 101851 இடங்களோடு, அதாவது சுமார் இரண்டு லட்சம் இலக்கங்களோடு எல்லை முடிந்துவிடும்.

கணக்கு 10⁹+7 கேட்கிறது, பெருக்கலோ பெரியது

உண்மையான சங்கடம் இங்கேதான். மட்டு எண்ணை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, கொடுத்துவிட்டார்கள். வழிகள் இரண்டு.

மூன்று என்.டி.டி. பகா எண்களில் தனித்தனியாகப் பெருக்கி, மீதிகளிலிருந்து மூல எண்ணை மீட்கும் சீன மீதித் தேற்றத்தால் இணைப்பது ஒன்று. கெழுக்கள் 10⁹-க்கு அருகில், நீளம் 2²⁰ என்றால் ஓர் இடத்தின் உண்மையான மதிப்பு 1.05 × 10²⁴ வரை போகும். இரண்டு பகா எண்களின் பெருக்கற்பலன் 10¹⁸ அளவுதான், போதாது. 998244353, 469762049, 167772161 மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 7.9 × 10²⁵, தாராளமாகப் போதும். மூன்று மீதிகளையும் இணைக்கும்போது முழு எண்ணைக் கட்டிவிட்டுப் பிறகு மீதி எடுக்க முயன்றால் 64 பிட் தாங்காது. கார்னரின் முறையில் கலப்பு அடிமான இலக்கங்களாக எடுத்து, கடைசிப் படியில் ஒவ்வொன்றையும் 10⁹+7-க்கு மாற்றிக் கூட்ட வேண்டும். செலவு: மூன்று உருமாற்றங்களுக்குப் பதில் ஒன்பது.

இரண்டாவது வழி, ஒவ்வொரு கெழுவையும் 15 பிட், 15 பிட் என்று இரண்டாகப் பிளந்து, தசம எஃப்.எஃப்.டி.யில் பெருக்குவது. சமர்த்தாக எழுதினால் நான்கு கலப்பெண் உருமாற்றங்களில் முடியும். ஆனால் நீளம் 2²⁰ ஆகும்போது கூட்டுத்தொகை 2⁵⁰ வரை எட்டுகிறது. இரட்டைத் துல்லியத்தில் கிடைப்பதே 53 பிட். மிச்சம் மூன்று பிட்டுக்குள் எல்லாப் பிழையும் அடங்க வேண்டும். 1-ன் மூலங்களை முந்தையதால் பெருக்கிப் பெருக்கி உருவாக்கினால் பிழை சேர்ந்து கடைசி இலக்கம் தவறிவிடும். ஒவ்வொன்றையும் சைன், கொசைன் கொண்டு தனியாகக் கணக்கிட வேண்டும். பிளந்த பாகங்களை 0 முதல் 32767 வரை வைக்காமல் பூச்சியத்தைச் சுற்றி இருபுறமும் வைத்தால் நிலைமை இன்னும் சீராகும்.

நேரம் உயிர்போகும் இடமாக இல்லாவிட்டால் முதல் வழியே சரி. அது தவறினால் பெரும்பாலும் எப்போதும் தவறும், உடனே கண்டுபிடிக்கலாம். இரண்டாவது வழி ஆயிரத்தில் ஒரு தரவில் மட்டும் தவறும். அதைத் தேடுவது பெரும் வேதனை. நீங்களே கணக்கை அமைப்பவராக இருந்தால், தீர்வில் பல்லுறுப்புக்கோவைப் பெருக்கல் வேண்டுமா என்று பாருங்கள். வேண்டுமென்றால் 998244353 கொடுங்கள். பெருக்கல் வேண்டாத கணக்குக்கும் அதையே கொடுப்பது நல்ல வழக்கம். இல்லாவிட்டால் மட்டு எண்ணைப் பார்த்தே தீர்வின் போக்கை ஊகித்துவிடுவார்கள்.

ஹாஷுக்கு 2⁶¹−1

எழுத்துச் சரங்களை ஒப்பிட, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாகச் சுருக்குவது ஹாஷ். ஓர் அடிமானத்தின் அடுக்குகளால் எழுத்துகளைப் பெருக்கிக் கூட்டும் ஹாஷ் எல்லோரும் அறிந்தது. அடிமானத்தைச் சீரற்ற முறையில் எடுத்தால், வெவ்வேறான இரண்டு சரங்கள் ஒரே மதிப்பைப் பெறும் வாய்ப்பு அதிகபட்சம் நீளம் ÷ ப. நீளம் பத்து லட்சம், ப 10⁹ அளவு என்றால் உறுதி சொல்லக்கூடியது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கே. போதவே போதாது. மதிப்புகள் முற்றிலும் சீராகப் பரவுவதாக வைத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் சரங்களுக்குள் ஏறத்தாழ 500 கோடி இணைகள் உண்டு. 10⁹ அளவுள்ள பகா எண்ணில் சராசரியாக ஐந்து மோதல்கள் வரும். 10⁹+7 தனியாக ஹாஷுக்கு உதவாது என்று முடிவுகட்ட இந்த ஒரு கணக்கே போதும்.

2⁶¹−1 = 2305843009213693951. இதைப் பகா எண் என்று இவான் பெர்வூஷின் 1883-ல் நிறுவினார். 2ⁿ−1 வடிவப் பகா எண்களுக்கு மெர்சென் 1644-ல் வெளியிட்ட பட்டியலில் இது விடுபட்டிருந்தது. மேலே சொன்ன பத்து லட்சம் நீளத்துக்கு இங்கே மோதல் வாய்ப்பு 4.4 × 10⁻¹³-க்குக் கீழ்.

இதன் பெரிய லாபம், மீதி எடுக்க வகுத்தலே வேண்டாம் என்பது. 2⁶¹-ம் 1-ம் இங்கே ஒன்றே. ஆகவே 122 பிட் பெருக்கற்பலனின் கீழ் 61 பிட்டுகளையும், 61 இடம் நகர்த்திய மேல் பகுதியையும் கூட்டி, விடை ப-வுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் ஒரு முறை ப-வைக் கழித்தால் முடிந்தது. கூட்டுத்தொகை 62 பிட்டுக்குள் இருப்பதால் 64 பிட் மாறி வழியாது. ஒப்பிடும்போது "மேலாக" என்பதை மட்டும் எழுதிச் "சமமாக" என்பதை விட்டுவிட்டால், பூச்சியம் சில நேரம் 0 என்றும் சில நேரம் ப என்றும் நிற்கும். சமமான இரண்டு சரங்கள் வெவ்வேறு என்று விடை வரும்.

10⁹+7, 998244353 இரண்டையும் ஒருசேர வைத்து இரட்டை ஹாஷ் செய்வது பழைய வழி. கிடைக்கும் பரப்பு 10¹⁸. செலவு இரண்டு பெருக்கல், இரண்டு மீதி. 2⁶¹−1-ல் பரப்பு அதைவிட இரு மடங்குக்கு மேல். செலவு ஒரு 128 பிட் பெருக்கல். 64 பிட் ஜி.சி.சி., கிளாங்கில் 128 பிட் வகை இருக்கிறது. ஜாவாவில் 9-ஆம் பதிப்பு முதல் மேல் பாதியைத் தரும் பெருக்கல் உண்டு. பைத்தானோ 64 பிட் கணினிகளில் தன் எண்களின் உள் ஹாஷுக்கே இந்தப் பகா எண்ணைத்தான் வைத்திருக்கிறது. 2⁶¹−1-ன் ஹாஷைக் கேட்டுப்பாருங்கள், 0 வரும். ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் நிலைமை வேறு. அங்கே சாதாரண எண்களில் 2⁵³-க்கு மேல் துல்லியம் இல்லாததால் 10⁹+7-ன் பெருக்கலே சத்தமில்லாமல் தவறும். 2²⁶−5 = 67108859 போன்ற 26 பிட் பகா எண்கள் சிலவற்றைச் சேர்த்து வைப்பதே அங்கு வேகமான வழி.

இனிச் சொல்வதுதான் 2⁶¹−1-ல் பலரும் விழும் குழி. எழுத்துகள் பைட்டுகள்தானே என்று அடிமானத்தை 256 என்று வைக்கத் தோன்றும். வைக்கவே கூடாது. இங்கே 2⁶¹ = 1 என்பதால் 2-ன் வரிசை வெறும் 61. 256 என்பது 2⁸. அதன் வரிசையும் 61. அதாவது ஒரு சரத்தில் 61 இடங்கள் தள்ளியிருக்கும் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினாலும் ஹாஷ் மாறாது. 62 எழுத்துக்கு மேற்பட்ட எந்தச் சரத்தையும் இப்படி உடைத்துவிடலாம். 131072, 65536 என்று 2-ன் எந்த அடுக்கை எடுத்தாலும் இதே கதிதான். 2⁶¹−2-ன் காரணிகள் 2, 3², 5², 7, 11, 13 என்று தொடங்கி 1321 வரை எல்லாமே சிறியவை. ஆகவே குறுகிய சுழற்சிகள் இங்கே நிறைய. 10⁹+7-ல் அடிமானம் 256 என்றால் சுழற்சி ஐம்பது கோடி. அந்த ஒரு விஷயத்தில் அதுவே மேல். 2⁶¹−1-ல் அடிமானத்தை ஒவ்வொரு ஓட்டத்திலும் சீரற்ற முறையில் எடுங்கள். குறுகிய சுழற்சியுள்ள எண்கள் மொத்தத்தில் மிகச் சொற்பம் என்பதால் அவை வந்து விழ வாய்ப்பில்லை. சீரற்று எடுப்பதற்கு வேறு காரணமும் உண்டு: அடிமானம் வெளியே தெரிந்தால், மோதும் சரங்களை முன்கூட்டியே செய்துவிடலாம்.

மட்டு எண்ணே வேண்டாம், 64 பிட் தானாக வழியட்டும் என்று விடுபவர்களுக்கு ஒன்று. தூ–மோர்ஸ் தொடரையும் (இதுவரை வந்ததை எழுத்து மாற்றிப் பின்னால் ஒட்டி ஒட்டி வளர்க்கும் இரண்டெழுத்துத் தொடர்), எழுத்துகளை மாற்றிப்போட்ட அதன் எதிர்மறையையும் 1024 எழுத்து நீளத்துக்கு எடுத்தால், அடிமானம் எந்த ஒற்றை எண்ணாக இருந்தாலும் இரண்டின் ஹாஷும் ஒன்றே. ஒற்றை எண் அடிமானத்தில், அவற்றின் வேறுபாடு பத்துக் காரணிகளின் பெருக்கற்பலனாகப் பிரியும்; அவற்றில் 2 குறைந்தது 1 + 3 + 4 + … + 11 = 64 முறை வரும். இரட்டை எண் அடிமானத்திலோ தொலைவிலுள்ள எழுத்துகள் தாமாகவே மறைந்துபோகும். சீரற்ற அடிமானம்கூட இங்கே காப்பாற்றாது.

2⁶⁴−2³²+1

18446744069414584321. கோல்டிலாக்ஸ் என்று அழைக்கிறார்கள். ப−1 = 2³² × 3 × 5 × 17 × 257 × 65537, பிரிமிட்டிவ் ரூட் 7. மேலே பிரிந்து கிடந்த இரண்டு நன்மைகளும் இதில் சேர்ந்திருக்கின்றன: 2³² நீளம் வரை என்.டி.டி. செய்யலாம், மீதி எடுக்க வகுத்தலும் வேண்டாம். 2⁶⁴ என்பது இங்கே 2³²−1. 2⁹⁶ என்பது −1. 128 பிட் பெருக்கற்பலனை 64, 32, 32 என மூன்று துண்டாக்கினால், கீழ்த்துண்டு + நடுத்துண்டு × (2³²−1) − மேல்துண்டு, அவ்வளவே. 2-ன் வரிசை 192, 8-ன் வரிசை 64. ஆகவே நீளம் 64 வரையிலான உருமாற்றங்களைப் பெருக்கலே இல்லாமல் பிட் நகர்த்தல்களால் முடிக்கலாம். ஹாஷில் கேடாக இருந்த அதே குறுகிய சுழற்சி இங்கே வரம்.

விலை என்னவென்றால், ப 64 பிட்டின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மீதிகளைக் கூட்டினாலே 64 பிட் வழிந்துவிடும். வழிந்ததைக் கண்டறிந்து 2³²−1-ஐக் கூட்ட வேண்டும், கழிக்கும்போதும் அதுபோலவே. இதைச் சரியாக எழுதப் பொறுமை வேண்டும். பேரெண் பெருக்கலுக்கு ஆறு ஆறு இலக்கமாக வைத்தாலும் ஒரு கோடி எண்பது லட்சம் இடங்கள் வரை தாங்குவதால், உழைப்பு வீணாகாது. பூச்சிய அறிவுச் சான்றுகளை உருவாக்கும் மென்பொருள்களிலும் இந்த எண் புழங்குகிறது. ஆனால் 10⁹+7 அளவு கெழுக்களைப் பெருக்க இது தனியாகப் போதாது. 10²⁴ இதற்குள் அடங்காது.

சில்லறைத் தேவைகள்

n-ஆம் ஃபிபனாச்சி எண்ணை நேரடியாகத் தரும் பினே சூத்திரத்தை மட்டு எண்கணிதத்தில் எழுத விரும்பினால் 5-ன் வர்க்கமூலம் வேண்டும். 5-ஆல் வகுக்கும்போது 10⁹+7 மீதி 2-ம், 998244353 மீதி 3-ம் தருகின்றன; இரண்டிலும் 5-க்கு வர்க்கமூலம் இல்லை. 10⁹+9-ல் உண்டு, 383008016. அதன் ப−1 = 2³ × 3² × 7 × 109² × 167 என்பதால் 1-ன் முப்படி மூலங்களும் அங்கே கிடைக்கும். மூன்றுக்கு ஒரு கெழுவாகப் பொறுக்கிக் கூட்டும் கணக்குகளில் அது உதவும். முதல் இரண்டிலும் அதற்கு வழியில்லை.

நிகழ்தகவு விடைகளைப் பின்னமாகத் திரும்பப் பெற வேண்டுமானால், தொகுதியும் பகுதியும் ப/2-ன் வர்க்கமூலத்துக்குள் இருக்கவேண்டும். 998244353-ல் அது 22341. 2⁶¹−1-ல் 107 கோடி. பிழை தேடும்போது மட்டு எண்ணைத் தற்காலிகமாக 2⁶¹−1-க்கு மாற்றிப் பின்னங்களைக் கண்ணால் பார்ப்பது பயனுள்ள வழி. சிறிய பின்னங்களுக்கு அதுகூட வேண்டாம்: 499122177 என்று பார்த்தாலே அது அரை, 332748118 என்றால் மூன்றில் ஒன்று என்று தெரிந்துவிடும்.

ரகசியக் குறியீட்டுக்கு மேற்சொன்ன எதுவும் ஆகாது, எல்லாமே சிறியவை. அளவுக்கு மேல் அமைப்பும் பேசும். போலிக்கும் ஹெல்மனும் 1978-ல் வெளியிட்ட முறைப்படி, 998244353-ல் மடக்கை காண்பதை, அதாவது எந்த அடுக்குக்கு உயர்த்தினால் கொடுத்த எண் வரும் என்று தேடுவதை, 23 இரும இலக்கங்கள், 7-ல் ஒரு தேடல், 17-ல் ஒரு தேடல் என உடைத்துவிடலாம். 10⁹+7-ல் அப்படி உடைக்க முடியாமல் சுமார் 22361 படிகள் கொண்ட தேடலை இருமுறை ஓட்ட வேண்டியிருக்கும். பாதுகாப்புக்கு ப−1-ல் பெரிய பகாக் காரணி வேண்டும், வேகமான பெருக்கலுக்கோ 2-ன் பெரிய அடுக்கு வேண்டும். ஆனால் பாதுகாப்பு மடக்கையைச் சார்ந்திராத புதிய முறைகளில் சிறிய பகா எண்ணே போதும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் அறிவித்த தரங்களில் ஒன்று 13 × 2⁸ + 1 = 3329-ஐயும், மற்றொன்று 2²³ − 2¹³ + 1 = 8380417-ஐயும் பயன்படுத்துகின்றன. இரண்டும் என்.டி.டி.க்காகவே எடுத்தவை.

எழுதியது சரியான எண்தானா

998244353-ஐ நினைவிலிருந்து எழுதும்போது 998244853 என்று ஓர் இலக்கம் மாறிவிடுவதுண்டு. அதுவும் பகா எண் என்பதுதான் தொல்லை. நேர்மாறுகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும், எந்தச் சோதனையும் அலறாது. விடை மட்டும் தவறும். அதன் ப−1-ல் 2 இரண்டே முறை வருவதால் என்.டி.டி. உடனே குலைந்துவிடும். பிழை அப்படி வெளிப்பட்டால் அது நல்ல காலம்.

காப்பு எளிது. 119 என்பது 2²³-ஐவிடச் சிறியது என்பதால் ப்ராத் தேற்றம் பொருந்தும்: 3-ஐ (ப−1)/2 என்ற அடுக்குக்கு உயர்த்தி −1 வந்தால் ப பகா எண் என்று அந்த ஒரே கணக்கில் நிறுவப்பட்டுவிடும். நிரலின் தொடக்கத்தில் 3-ன் 119-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு 15311432 வருகிறதா என்று பாருங்கள். அதை 21 முறை வர்க்கப்படுத்தினால் 86583718 அல்லது 911660635 வரவேண்டும். இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 998244352. ஓர் இலக்கம் பிசகியிருந்தாலும் இந்தச் சங்கிலி அங்கேயே அறும்.